கடைசி வரி மெய்யானால் முதல் வரியும் மெய்யாகிவிடுமா?

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களின் கணித விடைத்தாள்களை இந்த வாரம் திருத்தியபோது, என் பதினேழு வயதுக் கையெழுத்தையே மறுபடி பார்த்ததுபோல் இருந்தது; அன்று நான் செய்த அதே தவறுகள். குறி மாறுவது, கூட்டலில் பிசகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எழுதியவர் கண்ணிலேயே பட்டுவிடும்.

நிறுவ வேண்டியதிலிருந்தே தொடங்குவது

அ, ஆ என்னும் குறையற்ற (அதாவது பூச்சியமோ அதைவிடப் பெரியதோ ஆன) எண்களின் கூட்டுச் சராசரி, அவற்றின் பெருக்குச் சராசரியைவிட, அதாவது பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தைவிட, குறையாது என்று நிறுவச் சொன்னால், பலர் அந்தச் சமனிலியையே முதல் வரியாக எழுதி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, (அ − ஆ)² ≥ 0 என்ற வரியை அடைந்து, "இது உண்மை, ஆகவே நிறுவப்பட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் ஒரு தேர்வில் இப்படித்தான் எழுதினேன். அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. திருத்தியவர்மேல் இருந்த கோபம், இரண்டு எண்களையும் −1 என்று வைத்துப் பார்த்த நாளில்தான் அடங்கியது. கூட்டுச் சராசரி −1, பெருக்கற்பலனின் வர்க்கமூலம் 1. சமனிலி பொய்த்துப்போகிறது, கடைசி வரி மட்டும் 0 ≥ 0 என்று மெய்யாகவே நிற்கிறது. 1 = −1 என்று எழுதி வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 வருகிறதே!

தனித்தாளில் பின்னோக்கிப் போய் வழியைத் தேடலாம். விடைத்தாளில் (அ − ஆ)² ≥ 0 என்று தொடங்கி, இருபுறமும் 4அஆ கூட்டி, (அ + ஆ)² ≥ 4அஆ என்று பெற்று, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் வகுக்க வேண்டும். வர்க்கமூலம் எடுக்கும் அந்தப் படியில்தான் 'குறையற்ற' என்ற நிபந்தனை வேலை செய்கிறது. கேள்வியில் கொடுத்த நிபந்தனையை எங்கே பயன்படுத்தினோம் என்று காட்ட முடியாத நிறுவலை நான் நம்புவதில்லை.

வர்க்கப்படுத்தியபின் சரிபார்க்காதது

அதே நோய்தான். √(2க + 3) = க என்பதை வர்க்கப்படுத்தினால் 3, −1 என இரண்டு விடைகள் வரும்; −1-ஐப் பிரதியிட்டால் இடப்புறம் 1, வலப்புறம் −1.

மாறியால் வகுப்பது

க² = 5க என்பதைக் க-வால் வகுத்தால் பூச்சியம் என்ற தீர்வு தொலைந்துவிடும்.

படத்தை நம்புவது

ஏதோ ஒரு முக்கோணம் என்று மட்டும் கேள்வி சொன்னால், இருசமபக்க முக்கோணமாக வரையாதீர்கள்; படத்தில் மட்டும் சமமாக இருக்கும் பக்கங்களை நிறுவலிலும் சமம் என்று எடுத்துக்கொண்டுவிடுவீர்கள்.

வாய்ப்புகளைச் சமமாக எண்ணுவது

இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் நிகழ்தகவு 2/3 என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கணிதவியலாளர் தலம்பேர் வாதிட்டார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுவதால், தலை, பூ–தலை, பூ–பூ என மூன்றே வகைகள், மூன்றுக்கும் சம வாய்ப்பு என்பது அவர் கணக்கு. உண்மையில் முதல் வகைக்கு வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் 1/4 வீதம். ஆகவே விடை 3/4.