கதவிலுள்ள தகடு எதற்குச் சான்று? சரக்குப் பெட்டகச் சான்றிதழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியிலோ சென்னையிலோ சரக்கு ஏற்றுவதற்குக் காலி கன்டெய்னர் வந்து நின்றதும், கதவில் ரிவெட் அடித்துப் பொருத்திய உலோகத் தகட்டைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு, ‘சிஎஸ்சி பிளேட் இருக்கிறது’ என்று குறித்துக்கொண்டு ஏற்றத் தொடங்குபவர்கள் பலர். தகடு இருந்தாலே சான்று செல்லும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு; மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சிஎஸ்சி என்பது பாதுகாப்பான பெட்டகங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை. அது 1972இல் உருவாகி, 1977இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு வகைப் பெட்டகமும் தூக்குதல், அடுக்குதல், பக்கவாட்டு விசை ஆகியவற்றைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட வேண்டும். தயாரிப்பாளர் தானே தனக்குச் சான்று வழங்கிக்கொள்ளக் கூடாது என்பதால், லாயிட்ஸ் ரெஜிஸ்டர், பியூரோ வெரிடாஸ், இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற, கப்பல்களின் தரத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்கள் அரசுகளின் சார்பில் இதைச் சரிபார்க்கின்றன. ஆனால் அந்த ஒப்புதல் பெட்டகம் பிறந்த நாளின் நிலையைத்தான் சொல்கிறது. அதன் பிறகு உரிமையாளர் 5 ஆண்டுகளுக்குள் முதல் ஆய்வையும், அடுத்து 30 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் தொடர் ஆய்வுகளையும் செய்து, அடுத்த ஆய்வுக்குரிய மாதத்தையும் ஆண்டையும் தகட்டிலோ அதன் அருகிலோ குறிக்க வேண்டும். படிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

தேதிக்குப் பதிலாக ஏசிஇபி என்ற எழுத்துகளும் ஒரு குறியீட்டு எண்ணும் இருந்தால், அரசு ஒப்புதல் பெற்ற தொடர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் அந்தப் பெட்டகம் உள்ளது என்று பொருள். தேதி இல்லையே என்று நல்ல பெட்டகத்தைத் திருப்பி அனுப்புவதும் தவறு. ஏசிஇபி இருப்பதால் கண்ணால் பார்க்கவே தேவையில்லை என்று விடுவதும் தவறு. மூலைத் தூணில் ஆழமான வளைவோ மேல் சட்டத்தில் விரிசலோ தெரிந்தால், எந்த எழுத்து இருந்தாலும் அந்தப் பெட்டகத்தை ஏற்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது இன்னொரு குழப்பம். சிஎஸ்சி தகடு பெட்டகத்தின் வலுவுக்குச் சான்று. உங்கள் சரக்குக்கு அது ஏற்றதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கூரையில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் பெட்டகம் அடுக்கைத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் வற்றல் மிளகாய் மூட்டையோ முந்திரியோ அந்த ஓட்டையைத் தாங்காது. ஆகவே ஏற்றுவதற்கு முன் ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருந்து இரண்டு கதவுகளையும் சாத்துங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்தால், கூரை மடிப்பிலும் கதவு ரப்பர் ஓரத்திலும் பகல் வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதா என்பது புலப்படும். கையோடு மரத்தளத்தின் ஈரத்தையும், முந்தைய சரக்கின் வாடையையும் கவனித்துவிடலாம். இத்தனை எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டு, பிறகு காப்பீட்டுக்காக அலைபவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

தகட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடை சரக்கின் எடையன்று. அதில் பெட்டகத்தின் சொந்த எடையும் அடங்கும். 2016 ஜூலை 1 முதல் கட்டாயமான விஜிஎம் (சரக்கேற்றிய பெட்டகத்தின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை) அறிவிப்பும் தனிக் கடமை. தகடு அதற்கு ஈடாகாது.

பழைய பெட்டகம் வாங்கிச் சொந்தமாகச் சரக்கு அனுப்ப நினைப்பவர்கள், ‘காற்றும் நீரும் புகாது’ என்ற விற்பனையாளரின் உறுதியைச் சிஎஸ்சி ஆய்வுக்கு நிகராகக் கொள்ளக் கூடாது. ஆய்வாளரை நீங்களே அமர்த்தி, கட்டணத்தை நீங்களே செலுத்தி, பெட்டக எண் குறிக்கப்பட்ட அறிக்கையை உங்கள் பெயரிலேயே பெறுங்கள். சன்னல் வெட்டியோ பக்கச்சுவரில் கதவு வைத்தோ கட்டமைப்பை மாற்றி, அதனால் பழைய ஒப்புதல் செல்லாததாகிவிட்டால், உரிமையாளர் தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. அப்படிப்பட்ட பெட்டகத்தில் தகடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், மறு ஒப்புதல் ஆவணத்தைக் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.