டென்மார்க்கில் பேங்க் கணக்கு: முதலில் தபால் பெட்டியில் பேரை ஒட்டுங்கள்

கோபன்ஹேகனில் வந்து இறங்கியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பேங்க் நல்லது?" அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு முகவரி இருந்தால்தான் சிபிஆர் எனும் அடையாள எண், சிபிஆர் இருந்தால்தான் மிட்ஐடி எனும் ஆன்லைன் அடையாளம். இந்த மூன்றும் இல்லாமல் பேங்க் வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சிபிஆர் என்பது பத்து இலக்க எண். முதல் ஆறு இலக்கம் உங்கள் பிறந்த தேதி. கோபன்ஹேகன், ஓர்ஹூஸ், ஓடன்சே, ஆல்போர்க் நான்கு ஊரிலும் வெளிநாட்டவருக்கென்றே இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ் அலுவலகம் உண்டு; சிபிஆருக்கு அங்கே பதியலாம். பாஸ்போர்ட், ரெசிடன்ஸ் பெர்மிட், வாடகை ஒப்பந்தம், குடும்பத்தோடு வந்தால் கல்யாணச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். "வாடகை குறைவு, ஆனால் இந்த முகவரியில் சிபிஆர் பதியக் கூடாது" என்று யாராவது அறை தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் வாடகையைவிட அலைச்சல் அதிகம்.

இதில் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகவும், இன்னொரு மூன்று மாதத்தை முன்பணமாகவும் கேட்கலாம். சட்டம் அதுவரை அனுமதிக்கிறது. உங்களுக்கோ இங்கே கணக்கே கிடையாது. அதனால் ஊர்க் கணக்கிலிருந்து நேராக அனுப்பவோ, வைஸ் போன்ற பணம் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாகக் கட்டவோ கிளம்புவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரொக்கமாகக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1000 குரோனர் நோட்டு 2025 மே 31-க்குப் பிறகு செல்லாது. உறவுக்காரர் பழைய நோட்டை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

பேங்கில் நிறையக் கேள்வி கேட்பார்கள். சம்பளம் எவ்வளவு, ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்புவீர்கள், வேறு எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள்? நம் தோலைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று எனக்கும் முதலில் சுருக்கென்றது. டான்ஸ்கே பேங்கின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ சந்தேகப் பணம் போனது வெளியே வந்த பிறகு, எல்லா பேங்கும் கெடுபிடியாகிவிட்டன. மறைக்காமல் பதில் சொல்லுங்கள். சீட்டு எடுத்த காசைக் கணக்கில் போட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது விழிக்க வேண்டியிருக்கும். டேனிஷ்காரருக்குச் சீட்டை விளக்குவது லேசான வேலை இல்லை.

கணக்குத் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவருக்கு அடிப்படைக் கணக்கு பெற உரிமை உண்டு; காகிதங்கள் முழுதாகக் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும்.

இனி தபால் பெட்டி. கார்டு ஒரு கவரிலும் பின் நம்பர் இன்னொரு கவரிலும் வரும் என்றார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. நான் பெட்டியில் நம் வழக்கப்படி இனிஷியல் போட்டுப் பேரை ஒட்டியிருந்தேன். பாஸ்போர்ட்டிலோ அப்பா பேர்தான் சர்நேம், கவரிலும் அதுவே முழுதாக. தபால்காரருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். கடிதம் திரும்பிப் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே பெட்டியில் ஒட்டுங்கள். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், பேரைச் சுருக்காதீர்கள்.

கணக்கு எண் கைக்கு வந்ததும் அதை நெம்கொன்டோவாகப் பதிய வேண்டும். வரி ரீஃபண்ட், குழந்தைக்கான உதவித்தொகை என்று அரசாங்கம் தருகிற எல்லாப் பணமும் அதில்தான் விழும். பல கம்பெனிகள் சம்பளத்தையும் அதிலேயே போடும். கூடவே ஸ்கேட்டகோர்ட் எனும் வரி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் 55 சதவீதம் பிடித்துவிடுவார்கள். கூடுதலாகப் பிடித்தது பின்னால் திரும்பி வரும்தான், ஆனால் முதல் மாத வாடகைக்கு உதவாது.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி அங்குள்ள கிளைக்கும் எழுதிவிடுங்கள். அங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பேர்.