வா பெடல் எங்க வைக்கணும்?

கிருஷ்ணகிரில சர்ச்லயும் கச்சேரிலயும் கிட்டார் வாசிக்கிற தம்பிங்க இதத்தான் அதிகம் கேக்குறாங்க, நேரா சொல்லிடறேன், கிட்டார்ல இருந்து வர்ற கேபிள் முதல்ல வாவுக்கு (கால்ல ஆட்டி சத்தத்த 'வா-வா'ன்னு பேச வைக்கிற பெடல்) போகட்டும், அப்புறம் சத்தத்த கரகரப்பாக்குற ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கடைசில எதிரொலி குடுக்குற டிலே, ரிவர்ப். வா ஒரு ஃபில்டர் தான், கால முன்னாடி அழுத்த அழுத்த அது தூக்கிக் குடுக்குற இடம் லோ-ல இருந்து ஹை-க்கு நகரும், அத டிஸ்டார்ஷன் வாங்கி முறுக்கும்போது தான் வாய் தொறந்து பேசுற மாதிரி இருக்கும். டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் வச்சா வீச்சு ரொம்ப பெருசாகி சிந்தசைசர் மாதிரி வரும், லீடுக்கு, அதாவது தனியா மெட்டு வாசிக்கும்போது, எனக்கு அது ஓவர்.

ஃபஸ் (ரொம்ப முரட்டுத்தனமா கரகரக்குற ஒரு டிஸ்டார்ஷன் பெடல்) இருந்தா மட்டும் உஷார்! பழைய டைப் ஃபஸ் வாவுக்கு பின்னாடி வந்தா வா செத்துப்போன மாதிரி ஆயிடும், சிலசமயம் கீச்சுனு கத்தும். தர்மபுரி பக்கம் ஒரு திருவிழா மேடைல எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஃபஸ்ஸ வாவுக்கு முன்னாடி மாத்துனதும் உடனே சரியாயிடுச்சு. மாத்த மனசில்லன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு பஃபர் (ரெண்டு பெடலும் ஒண்ணையொண்ணு பாதிக்காம பாத்துக்குற சின்ன சர்க்யூட்) போடுங்க.