வீட்டிலும் ஆபீஸிலும்: முதலில் குப்பைத் தொட்டியின் இடத்தை மாற்றுங்கள்

சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கரண்ட் பில், தண்ணீர் லாரி, ஏசி சர்வீஸ், டீ, ஹவுஸ்கீப்பிங் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். வீடு பள்ளிக்கரணைப் பக்கம். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது.

சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் எல்லோரும் சரி என்பார்கள். ஆனால் தினமும் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. "லைட்டை அணைக்கவும்" என்று ஒட்டிய தாளை மறுவாரமே யாரும் பார்ப்பதில்லை. ஏற்பாட்டை ஒரு தடவை சரியாக மாற்றிவிட்டால் அக்கறை இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். கீழே சொல்வதில் பெரும்பாலானவை அப்படி ஒரு தடவை ஏற்பாடு செய்துவிட்டால் பழக்கமாகிவிடும் வேலைகள்.

ஈரக் குப்பையை வீட்டைத் தாண்ட விடாதீர்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் கிடங்கில் மற்ற குப்பைக்கு அடியில் புதைந்து, காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வேகமான வாயு அது. கிடங்கில் பற்றிய தீ சுலபத்தில் அணையாததற்கும் அது ஒரு காரணம். அதே தோல் காற்றோட்டமாக மக்கினால் கிடைப்பது நல்ல உரம், அவ்வளவுதான்.

மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நிழலான ஓர் இடம் போதும். வாயகன்ற மண்பானை மூன்று வாங்குங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 25, 30 லிட்டர் பிடிக்கிற அளவு சரியாக இருக்கும். சுற்றிலும் பென்சில் நுழைகிற அளவுக்குத் துளை போட்டுத் தரச் சொன்னால் குயவரே போட்டுத் தருவார். இரண்டு செங்கல் மேல் பானையை வைத்து அடியில் ஒரு பழைய தட்டை வையுங்கள்.

பானையின் அடியில் தேங்காய் நாரை உதறிப் பரப்பி, அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை போடுங்கள். அன்றாடக் கழிவை அதன்மேல் கொட்டி, கொட்டிய அளவுக்கே காய்ந்த இலையோ கோகோபீட் எனும் தேங்காய் நார்த் தூளோ போட்டு மூடுங்கள். இந்த "அதே அளவு" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்றம் வருகிறது, புழு வருகிறது என்று விட்டவர்கள் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் இலையை ஒரு பிடி தூவிவிட்டு நிறுத்தியவர்கள். முதல் தடவை மட்டும் புளித்த மோரில் தண்ணீர் கலந்து தெளித்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு தடவை குச்சியால் கிளறிவிட வேண்டும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கையை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறுங்கள். உள்ளங்கை நனைந்து, அழுத்திய உருண்டை அப்படியே நின்றால் சரி. உருண்டை உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கை விடும்போது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் நுண்ணுயிர்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கழிவைத்தான் தின்னும், நம்மை ஒன்றும் செய்யாது. ஈரம் குறைந்தால் தாமாகவே குறைந்துவிடும்.

சோறு, குழம்பு மிச்சத்தைப் பிழிந்து கொஞ்சமாகப் போடலாம். எண்ணெயும் உப்பும் அதிகமானால் மக்காது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். கறி, மீன், எலும்பு வேண்டாம், அடுக்குமாடியில் எலி வரும். கொட்டாங்குச்சி இந்த ஜென்மத்தில் மக்காது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு பானை நிரம்பினால் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்கலாம். மூன்றாவது நிரம்புவதற்குள் முதல் பானையில் மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுத்த உரம் இருக்கும். சலித்துப் பயன்படுத்தலாம். சலிக்கும்போது நிற்கிற கட்டிகளை அடுத்த பானையில் போட்டால் அதுவே உறைமோர்.

இடமே இல்லை என்றால் ஈரக் குப்பையைத் தனி டப்பாவில் வைத்து மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். ஆனால் கேரி பேக்கில் கட்டி மட்டும் கொடுக்காதீர்கள். அதை அவிழ்த்துக் கொட்டுவது ஒரு மனிதரின் கை. டப்பாவுக்குள் செய்தித்தாள் இரண்டு தாளை விரித்துவிட்டால் கழுவவும் சுலபம்.

ஈரம் போய்விட்டால் மிச்சமெல்லாம் காய்ந்தது. வாரக்கணக்கில் வைத்தாலும் நாறாது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பையை மாட்டுங்கள். பால் கவர், எண்ணெய் கவர், மாவு பாக்கெட், அட்டை எல்லாம் அதில். பால் கவரின் மூலையை முழுசாக வெட்டித் தள்ளாமல், துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாத்திரம் கழுவின தண்ணீரில் கவரை ஒரு அலசு அலசிக் காயப்போட்டால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒரு சின்ன டப்பா: நாப்கின், டயபர், பிளேடு, காலாவதியான மாத்திரை. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால், குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் தெரியாமல் கை வைக்க மாட்டார்.

ஆபீஸில் மேஜைக்கு அடியில் இருக்கும் தொட்டி

அதை எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு தொட்டி இருக்கும் வரை வாழைப்பழத் தோலும் பிரிண்ட் எடுத்த தாளும் ஒன்றாகத்தான் விழும், தாள் அழுக்காகி விலை போகாது. அதோடு ஒவ்வொரு தொட்டிக்கும் தினம் ஒரு புது பிளாஸ்டிக் உறை வேறு. எங்கள் ஆபீஸில் இவற்றை எடுத்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று தொட்டிகளை மட்டும் வைத்தோம். ஈரக் குப்பைக்குப் பச்சை, காய்ந்ததற்கு நீலம், மூன்றாவது தாளுக்கு. எழுதி ஒட்டினால் படிக்க மாட்டார்கள் என்பதால், மூடிமேல் உண்மையான பொருளையே ஒட்டினோம்: நீல மூடியில் பிஸ்கட் கவரும் தயிர் டப்பாவும், தாள் தொட்டியின் மூடியில் கசங்காத ஏ4 தாள் ஒன்றும். எழுந்து போய்ப் போட வேண்டியிருக்கிறதே என்று முதலில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். நடந்து போகிறவர் கையில் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுகிறார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதில் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். தொட்டி குறைந்தது என்று ஹவுஸ்கீப்பிங் அக்காவின் வேலை நேரத்தைக் குறைக்கக் கூடாது. பிரிக்காமல் போடுகிறவர்களுக்காக அவர் பிரிக்கவும் கூடாது. நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள், தாள் விற்ற பணத்தை அவரிடமே கொடுங்கள்.

அடுத்தது டீ. பேப்பர் கப் என்று நாம் சொல்வதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அது இல்லாவிட்டால் டீ ஊறிக் கொட்டிவிடும். அந்தப் பூச்சினால்தான் அது மக்குவதும் இல்லை, பேப்பராக விலை போவதும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் உண்டு. ஆனாலும் பெட்டி பெட்டியாக வாங்கத்தான் செய்கிறார்கள். ஊழியர்கள் அவரவர் கப்பைக் கொண்டுவரட்டும். வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் போதும். கப்பைக் கவிழ்த்துவைக்க ஒரு ஸ்டாண்டு, சிங்க் பக்கத்தில் சோப்பு, நார் எல்லாம் இருக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாத ஆபீஸில் மூன்றாம் நாளே பேப்பர் கப் திரும்பி வந்துவிடும். மீட்டிங்கில் அரை லிட்டர் பாட்டில்களுக்குப் பதில் ஒரு ஜக்கும் இந்த டம்ளர்களும்.

டீத்தூள் சக்கையைத் தூக்கிப்போடாதீர்கள். பால், சர்க்கரை போக இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுச் செடிக்குப் போடலாம்; அலசாமல் போட்டால் எறும்பு மொய்க்கும்.

பை விஷயமும் இப்படித்தான். 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கியது, கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை வரும் இயந்திரம்கூட வைத்தார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் துணிப்பை இருக்கிறது, பீரோவுக்குள்! வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒன்று, ஆபீஸ் பையில் மடித்த ஒன்று. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கரண்ட்

ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ. நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில் தொடங்கும்படியே வருகின்றன. ஃபேனை மெதுவாக ஓடவிட்டு 26இல் வைத்துப் பாருங்கள், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆபீஸில் ஏசிச் சண்டையே பெரும்பாலும் காற்று நேராகத் தலையில் விழும் நாற்காலியால் வருவது. நாற்காலியை நகர்த்தினால் ஒருவர் 20க்கும் இன்னொருவர் 28க்கும் மல்லுக்கட்ட மாட்டார்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள்.

ஏசியைவிட நான் முதலில் மாற்றச் சொல்வது ஃபேனை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சம். நம் ஊரில் ஒரு ஃபேன் நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுவது சர்வ சாதாரணம். கணக்குப் போட்டால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே கட்டண விகிதம் ஏறிவிடும் என்பதால், அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய தொகை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஹாலில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்.

தண்ணீர்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாய் சிங்க்குக்குள் போகிறதா என்று பாருங்கள். ஒரு நீள டியூப் வாங்கி வாளிக்குத் திருப்பிவிட்டால் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற ஆகும். செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு சேர்ந்து வேர் கருகும். செடிக்கு ஏசி தண்ணீர் நல்லது, அதில் உப்பு கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுவதும் ஓடுகிற ஏசியிலிருந்து வாளி நிறையக் கிடைக்கும். குடிக்க மட்டும் வேண்டாம்.

புதிதாக ஆர்ஓ வாங்கும் முன் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்துவிடுங்கள். 500க்குக் கீழே இருந்தால் உப்பைக் குறைக்க அந்த இயந்திரம் தேவையில்லை.

குழாய் முனையில் திருகும் ஏரேட்டர், அதாவது காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைவாக விடும் சின்ன வலை மூடி, ஆபீஸ் கை கழுவும் இடத்துக்கு அவசியம். பிளம்பரே வேண்டாம், கையாலேயே மாட்டலாம். ஃப்ளஷ் டாங்க் கசிகிறதா என்று பார்க்க, மஞ்சள் தூளைக் கரைத்து டாங்கில் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்ற வேண்டும்.

கடைசியாக மழைநீர் சேகரிப்புத் தொட்டி. 2003இல் கட்டாயமாக்கியதால் சென்னையில் பெரும்பாலான கட்டிடங்களில் அது இருக்கிறது. மண் அடைத்துக்கொண்டு பெயருக்கு நிற்பதும் நிறைய உண்டு. இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்த இலையை எடுத்து, தொட்டியில் மேல் அடுக்கு மணலை வாரி அலசித் திரும்பக் கொட்ட வேண்டும். கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் புது மணல் போடுங்கள். ஜல்லியைக் கழுவினால் போதும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், தேங்காமல் இறங்க வேண்டும். அசோசியேஷன் கூட்டத்தில் ஆகஸ்ட்டிலேயே பேசி, செப்டம்பரில் வேலையை முடித்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு இந்த வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள்.