எம்கியூ சர்வருக்கு ஃபிக்ஸ் பேக் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையார் எல்லையைத் தாண்டிய கஞ்சிக்கோட்டில், தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவுகளில் 14 ஆண்டுகளாக ஒருங்கிணைப்பு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். கோவையிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், நான் முன்பு செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். பேக்கப் எடுக்க மறப்பது, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது போன்றவற்றை ஒரு முறை பட்டாலே யாரும் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குக் கைப்பழக்கம் உள்ளது, ஒரு மென்பொருளின் செய்திகளை கியூ எனும் வரிசையில் வைத்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஐபிஎம் எம்கியூ என்பதால், அதை வைத்தே சொல்கிறேன். ஃபிக்ஸ் பேக் என்பது அதன் பிழைகளைத் திருத்த வரும் பேட்ச்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது

போன மாதம் ஃபிக்ஸ் பேக் போட்ட மறுநாள் காலையில் ஒரு சிறு கோளாறு தெரிந்தது. "ஸ்னாப்ஷாட் இருக்கே அண்ணா, பத்து நிமிஷத்துல பழைய நிலைக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஓர் இளைஞர் மவுசை அந்தப் பொத்தானின் மேல் கொண்டுபோய்விட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். 2019இல் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

அன்று இரவு 11 மணிக்கு, சர்வரின் அந்த நேரத்து நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, ஃபிக்ஸ் பேக்கை நிறுவி, கியூக்களை நடத்தும் கியூ மேனேஜரைத் தொடங்கி, வெளி சர்வர்களோடு செய்தி போய்வரும் வழிகளான சேனல்களையும் திறந்துவிட்டேன். காலை 6 மணிக்கு ஒரு திரை வேலை செய்யவில்லை என்று புகார் வந்ததும் சர்வரை முழுவதுமாக ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன். மென்பொருள் மட்டும் பின்னோக்கிப் போகவில்லை. கியூக்களில் இருந்த செய்திகளும் 7 மணி நேரம் பின்னோக்கிப் போயின. இரவோடு இரவாக அனுப்பி முடித்திருந்த லாரி ஒதுக்கீட்டுச் செய்திகள் கியூவில் மறுபடியும் முளைத்தன. 11 மணிக்குப் பின் வந்து காத்திருந்த, இ-வே பில் கோரும் செய்திகள் சுவடின்றி மறைந்தன.

அதோடு நின்றிருந்தால் சேதம் பாதியாக இருந்திருக்கும். எம்கியூவில் சேனலின் இரு முனைகளும் செய்திகளுக்கு வரிசை எண் வைத்திருக்கும். எதிர்முனை 500ஐத் தாண்டியிருக்க, நம் முனை 380 என்று சொல்லிக்கொண்டு வந்தால், ஏஎம்கியூ9526 என்ற பிழையோடு சேனல் நின்றுவிடும். அந்தப் பிழை ஓர் எச்சரிக்கை: எதிர்முனை ஏற்கெனவே பெற்றுக்கொண்ட செய்திகளை நீங்கள் மறுபடி அனுப்பப் போகிறீர்கள் என்கிறது. நானோ அதைத் தடையாக மட்டும் பார்த்து, ரீசெட் சேனல் கட்டளையைக் கொடுத்து வழியைத் திறந்துவிட்டேன். பழைய ஒதுக்கீடுகள் எல்லாம் லாரி ஏஜென்சிக்கு இரண்டாம் முறை போய்ச் சேர, ஒரே லோடுக்கு இரண்டு லாரிகள் கேட்டில் வந்து நின்றன. உள்ளேயோ, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு இ-வே பில் இல்லாமல் கிளம்ப முடியாது என்பதால், ஏற்றி முடித்த லாரிகள் தார்ப்பாய் கட்டியபடி நின்றன. ஒவ்வொரு செய்தியையும் இரு பக்கத்துப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்றும் யாராவது "ஸ்னாப்ஷாட் இருக்கிறது" என்று நிம்மதியாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இதில் வேதனை என்னவென்றால், அன்று தரவைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பதிப்பெண்ணின் நான்காம் இலக்கம் மட்டும் மாறுவது, அதாவது 9.3.0.5இலிருந்து 9.3.0.10க்குப் போவது போன்றது, ஃபிக்ஸ் பேக். அதில் கோளாறு வந்தால் மென்பொருளை மட்டும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகலாம். கியூக்களும், செய்திகளின் போக்குவரத்தைப் பதிந்துவைக்கும் லாகும் இருந்தபடியே இருக்கும். 9.2இலிருந்து 9.3க்குப் போவது வேறு கதை: புதிய பதிப்பில் ஒரு முறை தொடங்கிய கியூ மேனேஜரைப் பழைய பதிப்பில் மீண்டும் தொடங்க முடியாது. அங்கே பேக்கப்தான் வழி என்பதால், கியூ மேனேஜரை முறையாக நிறுத்திய பிறகு தரவையும் லாகையும் ஒரே நேரத்தில் சேர்த்து எடுக்க வேண்டும்; சேனல்களைத் திறப்பதற்கு முன்பே சோதனையை எல்லாம் முடிக்க வேண்டும். வெளிச்செய்தி ஒன்று உள்ளே வந்த நொடியிலேயே அந்த பேக்கப் பழசாகிவிடுகிறது.

ரீட்மியை நிறுவும் இரவில் படிப்பது

ஃபிக்ஸ் பேக்கோடு வரும் இந்தக் குறிப்பை ஒரு வாரம் முன்பே படியுங்கள்.

உடன் வரும் ஜாவாவைக் கவனிக்காமல் விடுவது

2021 ஏப்ரலில் வந்த ஜாவா அப்டேட்டுகள், தொடர்பைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் இயல்பாகவே முடக்கின. ஒருங்கிணைப்பு மென்பொருள் தன்னுடைய ஜாவாவையும் சேர்த்தே கொண்டுவருவதால், அமைப்பில் நாம் ஒன்றையும் மாற்றாதபோதும் பழைய சர்வர் வைத்திருக்கும் சப்ளையரோடு தொடர்பு அறுந்துவிடும். எதிர்முனைகள் ஒவ்வொன்றும் எந்த டிஎல்எஸ் பதிப்பில் பேசுகின்றன என்ற பட்டியல் பேட்சுக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் போடுவது

மாற்றாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வருக்கு முதலில் போட்டு, வேலையை அதற்கு மாற்றி, அது ஓடுவதைப் பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம்

போடாதீர்கள்.

சர்வர் எழுந்ததும் கிளம்பிவிடுவது

கியூ மேனேஜர் ஓடுகிறது என்று திரை சொல்வது போதாது. சேனல்கள் ரன்னிங் நிலையில் இருக்கின்றனவா, கியூக்களின் ஆழம் குறைகிறதா, எர்ரர் லாகின் கடைசி வரிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். பேட்சுக்கு முன், சேர வேண்டிய இடத்துக்குப் போக முடியாத செய்திகள் விழும் டெட் லெட்டர் கியூவில் எத்தனை செய்திகள் இருந்தன என்பதைத் தாளில் குறித்துவைத்து, காலை முதல் ஷிப்டில் லாரிகள் கேட்டைத் தாண்டிய பிறகு அந்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.