சிந்தனை மீட்சி: அடுத்த பாடத்துக்குப் பயன்படும்படி எழுதுவது எப்படி?

"25 மாணவர்களில் 18 பேர் நோக்கத்தை அடைந்தனர், மற்றவர்களுக்குக் குறைநீக்கல் போதனை." பாடம் முடிந்ததும் அது எப்படிப் போனது என்று எழுதும் சிந்தனை மீட்சியில், பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவருக்கும் பழகிய வரி. குறைநீக்கல் என்றால் பின்தங்கியவர்களுக்குத் தனியாக மறுபடி கற்பிப்பது. நாள் பாடத்திட்டம் நிரம்பிவிடும். நாளை என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பயிற்சியை நிறுத்துங்கள். ஒரே ஒரு கணக்கைத் துண்டுத் தாளில் செய்யச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சரி, தவறு என்று மட்டும் பிரித்தால் போதாது. தவறுகளை வகை வாரியாக அடுக்குங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் 402 − 178 கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். விடை 224. 376 என்று எழுதிய பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவதே புரியவில்லை. இதற்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, அவிழ்த்துக் காட்ட வேண்டும். 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்துக்கு வந்த பத்து, ஒன்றைக் கொடுத்தபின் ஒன்பதானதைத்தான் மறந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு, பூச்சியத்தின் மேலே சிறிதாக 9 எழுதும் பழக்கம் போதும். இருவரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு.

இனி எழுதுங்கள்: "ஐவர் 376, இருவர் 234. நாளை பீடிகையில் ஐவருக்குக் குச்சிக்கட்டு, 10 நிமிடம்." பீடிகை என்பது பாடத்தின் தொடக்கப் பகுதி. பெயர்களைத் தனிக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பாதிப் பேருக்கு மேல் ஒரே தவறு செய்திருந்தால் குறைநீக்கல் வேண்டாம். பாடத்தையே வேறு வழியில் மறுபடி நடத்துங்கள்.