கல்லறைக் கடிதமும் சந்தா பாக்கியும்: வடசென்னைக்குப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன எடுத்துப் போவது என்பதை எழுதப்போவதில்லை. அதை உங்கள் அத்தைமார்களே வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு அனுப்பிவிடுவார்கள். வடசென்னையில் பிறந்து வெளிநாட்டில் வாழும் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு சபைக் காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போகிறோம். பிள்ளைக்கு ஞானஸ்நானம், திருமணத்துக்கு ஓலை வாசிப்பு (ஆலயத்தில் திருமண அறிவிப்பை வாசிப்பது), பெற்றோரின் கல்லறையில் பெயர்க்கல் என்று அது எதுவாகவும் இருக்கலாம். இவற்றோடு, பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர்களை இந்த முறையாவது ஒன்றாக உட்காரவைத்துவிட வேண்டும் என்கிற ஆசையும் இருக்கும். அதை நாம் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் மற்ற எல்லாக் காரியங்களும் கடைசியில் அங்கேதான் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் காலம் பற்றி. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் சபை அலுவலகத்தில் காகித வேலை எதுவும் நகராது. டிசம்பர் முழுவதும் கேரல் ரவுண்ட்ஸும் பண்டிகை ஆராதனைகளுமாகப் போய்விடும். ஜனவரி பிறந்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான அட்வெண்ட் நாட்களில் நடத்தாமல் வைத்திருந்த திருமணங்கள் வரிசை கட்டி வரும். விடுமுறை கிடைக்குமானால் பொங்கல் கழித்தும் தங்குவது நல்லது. 1908-இல் தொடங்கி உலகெங்கும் அனுசரிக்கப்படும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை வருகிறது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒரே கூரையின் கீழ் ஜெபிப்பதற்கென்றே ஒதுக்கிய அந்த வாரத்தில், வெளிநாட்டுத் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் விமான நிலையத்தில் கைப்பையை நிறுத்துக்கொண்டிருப்போம்.

சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனிய ஆலயம், சபையார் இல்லாத ஆலயம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும். அதே தெருவில் உள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைப் பார்க்க வரும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரம்பூர் லூர்து மாதா திருவிழா பிப்ரவரி 11. ராயபுரத்துக்குப் போகிறவர்கள் புனித இராயப்பர் ஆலயத்தையும், 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். 2021-இலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஆட்டோவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பம் வடசென்னைக்கு ஒரு சரியான மாதிரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வண்ணாரப்பேட்டைக்குக் குடிவந்த புராட்டஸ்டண்ட் குடும்பத்தவர். அம்மா ராயபுரத்துக் கத்தோலிக்க வீட்டில் பிறந்து, திருமணத்துக்குப் பின் அப்பாவின் சபையில் சேர்ந்தவர். அதற்காகத் தாய்மாமன் வெகுகாலம் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தங்கை கல்லூரி நாட்களிலேயே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனாள். அப்பாவின் அண்ணனான பெரியப்பா அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. நான் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு பர்மிங்காமுக்குப் போனேன். அங்கே ஓர் ஆங்கிலிக்க ஆலயத்தின் பக்கத்து மண்டபத்தில் நடக்கும் தமிழ் ஆராதனையில் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர்களும் நாகர்கோவில்காரர்களும் தூத்துக்குடிக் கத்தோலிக்கர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுகிறோம். இதைப் பெரிய ஆவிக்குரிய முதிர்ச்சி என்று நாங்கள் சில சமயம் பேசிக்கொள்வதுண்டு. உண்மையில் அங்கே வேறு மண்டபம் கிடையாது. தெருவுக்கு நான்கு ஆலயங்கள் இருந்தால் நாங்களும் நான்காகத்தான் பிரிந்திருப்போம்.

அப்பாவின் கல்லறையிலேயே அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள். பெயர்க்கல்லில் அம்மாவின் பெயரையும் சேர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்பதே நான் போன காரியம். கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில், சபையிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து யார் கல்லை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட முடியாது அல்லவா.

சபை அலுவலகம் மாலை ஆறு மணிக்கு மேல் திறக்கும்; எந்த மாலை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அம்மாவை அறிந்திருந்த ஆயர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிய ஆயர் நல்லவராகவே இருந்தார். ஆனால் கமிட்டித் தேர்தலுக்குப் பின் செயலர் ஓர் அணி, பொருளாளர் ஓர் அணி என்றாகிவிட்டதால், செயலர் கையெழுத்திட்ட காகிதத்தில் பொருளாளர் கையெழுத்திட மாட்டார் என்பதை எனக்கு எழுத்தர்தான் மெதுவாக விளக்கினார். பிறகு அவர் சந்தா ரிஜிஸ்டரை எடுத்துவைத்தார். ஓரம் நைந்துபோன நீள வாக்கில் உள்ள பெரிய நோட்டு. எங்கள் குடும்பத்தின் பக்கத்தில் அப்பாவின் பெயர் அடித்திருந்தது. என் பெயருக்கு நேரே பென்சிலால் ‘வெளிநாடு’ என்று எழுதியிருந்தது; அதற்குப் பின் கட்டங்கள் எல்லாம் வெறுமை. “பேரை எடுக்கச் சொல்லி லெட்டர் குடுக்கல இல்ல சார், அதனால பாக்கி ஓடிட்டே இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் கால்குலேட்டரைத் தேடினார். அம்மாவின் பெயருக்கு நேரே மட்டும் ஒவ்வொரு மாதமும், இறந்த மாதம் உட்பட, பணம் கட்டியதற்கான குறி இருந்தது. கட்டியவர் கையெழுத்து என்ற கடைசிக் கட்டத்தில் என் தங்கையின் கையெழுத்து. அந்த ஆலயத்தில் கால் வைத்தால் பெரியப்பா எழுந்து போய்விடுவார் என்று தெரிந்திருந்தும், தான் விட்டு வந்த சபைக்கு, அம்மா நல்லடக்கத்துக்கு அங்கேதான் போக வேண்டும் என்று விரும்பியதற்காக, மாதாமாதம் அலுவலக வாசலில் நின்று பணம் கட்டியிருக்கிறாள். இதை அவள் என்னிடம் தொலைபேசியில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும், அம்மாவின் சபைக் காரியங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதில்லை.

ஆகவே, வெளிநாட்டில் குடியேறியவர்கள் தங்கள் பெயர் தாய்ச்சபையின் ஏட்டில் எப்படி நிற்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பெயரை மாற்றல் கடிதத்தோடு எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். ரசீதுகளைப் படம் எடுத்து வையுங்கள். கத்தோலிக்கராக இருந்தால், திருமணத்துக்குக் கேட்கும் திருமுழுக்குச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பிரதி உதவாது.

பாக்கியைக் கட்டினேன். கையெழுத்து வரவில்லை. அப்போதுதான் பெரியப்பா ஒரு வழி சொன்னார். பொருளாளர் அவர் அணிக்காரர். ஆலயக் கட்டட நிதிக்கு நான் ஒரு கௌரவமான தொகையைக் கொடுத்தால் கடிதம் மறுநாளே கைக்கு வந்துவிடும்; கல் பதிக்கும் அன்று தங்கையின் கணவரான என் மைத்துனர் ஜெபம் செய்யக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. “நீ பவுண்டுல சம்பாதிக்கிறவன், கணக்குப் பார்க்காதப்பா” என்றார். அதே வாரத்தில் தாய்மாமன், தன் அக்காவின் கல்லறையைப் பங்குத்தந்தை வந்து மந்திரிக்க (ஜெபித்து ஆசீர்வதிக்க) வேண்டும் என்று சொல்லியனுப்பினார். உயிரோடு இருந்தபோது அம்மாவைப் பார்க்கக் கூட ஆள் தேட வேண்டியிருந்தது. கல்லறைக்கு உரிமை கொண்டாட மூன்று திருச்சபைகள் வந்துவிட்டன. இப்படி எழுதும் எனக்கு அந்த வரிசையில் எந்த இடம் என்பதும் தெரியும்.

பணம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பலர் அறியாமல் இருப்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ஒரு சபைக்கு அளிப்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். இந்திய ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படியே. அதைப் பெறும் சபைக்கு அந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி இருக்க வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பின், புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகத்தான் அது வந்து சேர வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் விளக்கியபோது, கொடுக்க மனமில்லாதவன் சட்டம் பேசுவான் என்று பதில் வந்தது. அதில் பாதி உண்மை இருந்ததால் நான் மேற்கொண்டு பேசவில்லை. அதேபோல, ஓசிஐ அட்டைக்காரர்கள் மத ஊழியத்தில் ஈடுபடச் சிறப்பு அனுமதி தேவை என்று 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கை சொல்கிறது. தங்கையின் சபையில் “வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற பிரதர் கொஞ்சம் தேவசெய்தி கொடுப்பார்” என்று ஒலிபெருக்கியில் அழைத்தபோது, நான் எழுந்து கைகூப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றுபடுதல் என்பது நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குக் கனவாக மட்டும் இருந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா உள்ளிட்டோர் 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, மிஷனரிகள் கொண்டுவந்த பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். நாடு இரண்டாகப் பிரிந்த அதே 1947-இல், செப்டம்பர் 27 அன்று, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பிரெஸ்பிட்டீரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா இல்லை. அவர் 1945-இல் காலமானார். லுத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை. கத்தோலிக்கர் வேறு வழியில், 1964-இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு ஆணைக்குப் பிறகு, கை நீட்டத் தொடங்கினர். கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பாக 1995-இல் வந்த திருவிவிலியம் அதன் விளைவுகளில் ஒன்று. தரங்கம்பாடியிலிருந்து தூய ஜார்ஜ் பேராலயத்துக்கு வந்து சேரவே 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பெரியப்பாவையும் தங்கையையும் ஒரு விடுமுறைக்குள் சேர்த்துவைத்துவிடலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் நடுவர் வேலைக்குப் போகாதீர்கள். நம்மை யாரும் அதற்கு நியமிக்கவில்லை. சண்டையின் பாதி, நாம் இல்லாத நாட்களில் நடந்தது. அதற்குப் பதில், மனஸ்தாபம் உள்ளவர் எந்த ஆலயத்துக்குப் போகிறாரோ அங்கே போய், அவர் உட்காரும் பெஞ்சில் உட்காருங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டு நற்கருணை வழிபாட்டில் ‘சமாதானம்’ கொடுக்கும் முறை மீண்டும் இடம்பெற்றது. பிற நாடுகளின் வழிபாட்டுச் சீர்திருத்தங்களுக்கும் அது முன்மாதிரியாயிற்று. ஆயர் தம் கைகளுக்குள் அடுத்தவரின் கைகளைப் பொத்திக் கொடுக்க, அது பெஞ்சு பெஞ்சாக இறங்கி வரும். தன் வலப்பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துக் கொடுக்கவோ கொடுக்காமல் விடவோ அதில் வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வயதான, நடுங்கும், டைகர் பாம் வாசனை வீசும் கைகள். வெளியே வந்ததும் கட்டட நிதியைப் பற்றி மறுபடியும் கேட்டார். ஆனால் குரல் மாறியிருந்தது, எனக்கும் எரிச்சல் வரவில்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதை நாம் பொதுவாக அறிவுரையாக எடுத்துக்கொள்கிறோம். அதை ஒரு நடைமுறைக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

கத்தோலிக்கப் பூசைக்குப் போனால், மற்றச் சபையார் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் போகக் கூடாது. இடத்திலேயே இருங்கள், அதற்கு முன் வரும் சமாதான வாழ்த்து எல்லோருக்கும் உண்டு. தங்கையின் சபையைப் போன்ற இடங்களுக்குப் போகும் பெண்கள் முக்காட்டுக்குத் துப்பட்டா கொண்டு போவது நல்லது. ஆராதனை மூன்று மணி நேரம் போனால் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

கல் இல்லாமலேயே, நான் கிளம்புவதற்கு முந்தைய காலையில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பெரியப்பா வருவார் என்று நான் நம்பவில்லை. யார் ஜெபிப்பது என்ற பேச்சு எழும் முன்பே தங்கை பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிட, மூன்று தரப்பும் தத்தமக்குப் பழக்கமான முறையில் சேர்ந்துகொண்டார்கள். கத்தோலிக்கர் சொல்லும் ஜெபம் சற்றுக் குறுகியது என்பதால் மாமா முன்னதாக முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து ‘ஆமென்’ சொன்னார். பெரியப்பா தங்கையிடம் பேசவில்லை. ஆனால் திரும்பும்போது, வெயிலில் நிற்காமல் ஆட்டோவில் ஏறச் சொல் என்று என்னிடம் சொன்னார், அவளுக்குக் கேட்கும்படியாக.

கடிதம் இன்னும் வரவில்லை. போகிறவர்கள் முதல் வாரத்திலேயே, சென்னையில் வசிக்கும் ஒருவர் பெயருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் கடவுச்சீட்டின் நகலையும் இணைத்து அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைக் கடைசி நாளில்தான் செய்தேன். கல்வெட்டுபவரிடம் வாசகத்தை எழுதிக் கொடுத்து முன்பணமும் தந்துவிடலாம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார், ஆகவே வசனத்தைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். எங்கள் கடிதத்துக்காகத் தங்கை வரும் புதன்கிழமை மாலையும் அலுவலகத்துக்குப் போகிறாள். பொருளாளர் அன்று வருவார் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறாராம்.